துணைநூலும் மூலநூலும்: பிலிப் புல்மனின் மூன்று புதினங்களை முன்வைத்து

ஒரு நூல் பெரும்புகழ் எய்திய பின்னர் அதனைச் சூழ்ந்து வேறு பல பொருள்கள் தோன்றுதல் இயல்பு. கதை நிகழும் ஊரின் வரைபடம், மாந்தர் பெயரகராதி, ஆசிரியரே எழுதிய கிளைக்கதை, திரைப்படம் வரின் அதன் இசைத்தட்டு, படம் உருவான வரலாறு கூறும் நூல், கணிப்பொறி விளையாட்டு என அவை விரியும். திறனாய்வாளர் பலர் இவற்றை வணிகச் சரக்கு என ஒதுக்கிவிடுவர். ஒதுக்குதல் எளிது. ஆயின் உரையோடு சேர்த்தே நூலைக் கற்றுப் பழகிய நமக்கு அங்ஙனம் ஒதுக்க மனம் வருவதில்லை. சூழ்ந்து நிற்பவற்றுள் எது நூலின் உறுப்பு, எது அதன் மேற்போர்வை, எது நூலின் இடத்தையே கவர்ந்துகொள்வது என்னும் வினா ஆராயத்தக்கது. இவ்வினாவிற்கு ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மனின் ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ என்னும் முத்தொகுதியை நாம் எடுத்துக்கொள்கிறோம். அதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அது பின்னர் விளங்கும்.

இத்தொகுதியின் முதற்புதினம் ‘நார்தர்ன் லைட்ஸ்’ 1995இல் வெளிவந்தது. ‘தி சட்டில் நைஃப்’ 1997இலும், ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ 2000இலும் தொடர்ந்தன. முதல் நூல் கார்னகிப் பதக்கம் பெற்றது. மூன்றாவது 2001ஆம் ஆண்டிற்குரிய விட்பிரெட் பெரும்பரிசைப் பெற்றது. சிறுவர் நூலொன்று அப்பரிசை அடைந்தது அதுவே முதன்முறை. கதைத்தலைவி லைரா, நம் உலகை ஒத்தும் ஒவ்வாதும் அமைந்த மற்றோர் ஆக்ஸ்போர்டில், ஜோர்டன் கல்லூரியில் வளரும் சிறுமி. அவ்வுலகில் மனிதரின் உயிர் உடலுக்குப் புறத்தே விலங்கு வடிவில் உடன் திரியும். ‘டீமன்’ என்பது அதன் பெயர். குழந்தைப் பருவத்தில் அது வேண்டியவாறு உருமாறும். பருவம் முதிர்ந்தபின் ஒரே உருவில் நிலைத்துவிடும். ‘துகள்’ எனப்படும் நுண்பொருள் ஒன்று வளர்ந்தோர்மீது படிகிறது. அதனைப் பாவத்தின் சான்று என அஞ்சுகிறது சமய ஆட்சி. அவ்வச்சத்திலிருந்தே கதையின் கொடுமைகள் பிறக்கின்றன.

லைராவிடம் ‘அலீத்தியோமீட்டர்’ என்னும் கருவி ஒன்று வந்து சேர்கிறது. மெய்காட்டி எனத் தமிழிற் சொல்லலாம். வட்டத்தில் முப்பத்தாறு சிறு படங்கள். அவற்றைச் சுட்டும் மூன்று முட்கள். விடை கூறும் மெல்லிய நான்காம் முள். படம் ஒவ்வொன்றுக்கும் பொருள் அடுக்கடுக்காகப் பல உண்டு. அப்பொருள்களை விளக்கும் பெருநூல்கள் இருக்கின்றன; அவற்றைப் புரட்டிப் புரட்டியே அறிஞர் ஒரு விடையைப் படித்தறிவர். லைராவோ நூலின்றியே படிக்கிறாள். மூன்றாம் புதினத்தின் இறுதியில் அவ்வாற்றல் அவளை விட்டு நீங்குகிறது. வானவர் குலத்தைச் சார்ந்த ஒருத்தி அவளுக்கு ஆறுதல் கூறுகிறாள்: முன்னர் அருளாற் படித்தாய்; இனி உழைப்பாற் படிக்கலாம்; வாழ்நாள் முழுதும் வேண்டும்; ஆயினும் அப்படிப்பு முன்னையதினும் ஆழமாகும் என்பது அக்கூற்றின் கருத்து. லைரா ஆக்ஸ்போர்டிற்குத் திரும்பி அந்நூல்களைக் கற்க ஒருப்படுகிறாள்.

இத்தொகுதியை நாம் எடுத்துக்கொண்ட காரணம் இதுவே. துணைநூல் பற்றிய கொள்கை இக்கதைக்குள்ளேயே இருக்கிறது. உரையின்றிப் படிக்கும் படிப்பு ஒன்று; உரையோடு உழைத்துப் படிக்கும் படிப்பு மற்றொன்று. பின்னது இழிந்ததன்று. ஆயினும் அது முன்னதன் பின்னரே வருகிறது. கதையைச் சூழ்ந்தெழுந்த பொருள்களை அக்கதையே தந்த இவ்வளவுகோலால் அளத்தல் முறையாகும்.

ஆசிரியர் தாமே எழுதியவற்றை முதலிற் காண்போம். ‘லைராஸ் ஆக்ஸ்போர்ட்’ 2003இல் வந்த சிறு நூல். ஜான் லாரன்ஸ் என்பார் செதுக்கிய மரக்கட்டைப் படங்கள் கொண்டது. மூன்றாம் புதினத்திற்கு ஈராண்டின் பின்னர் நிகழும் சிறுகதை ஒன்று அதில் உண்டு. கதையினும் நம் கருத்தைக் கவர்வன அக்கதையோடு வைக்கப்பட்ட தாள்களே. லைராவின் ஆக்ஸ்போர்டிற்குரிய மடிப்பு வரைபடம், வழிகாட்டி நூலொன்றின் கிழிந்த பக்கம், மேரி மலோன் எழுதியதாக ஓர் அஞ்சலட்டை, செனோபியா என்னும் கப்பலின் பயண விளம்பரம் என்பன அவை. கப்பல் விளம்பரத்தில் யாரோ ஒருவர் கையால் எழுதிய குறிப்பும் காணப்படுகிறது. எழுதியவர் யார், எதன்பொருட்டு எழுதினார் என்பது நூலில் இல்லை. முன்னுரையில் ஆசிரியர் இத்தாள்கள் இக்கதையோடு தொடர்புடையனவாகவும் இருக்கலாம், இனி வரவிருக்கும் கதையோடு தொடர்புடையனவாகவும் இருக்கலாம் என்று மட்டும் கூறி அமைகிறார்.

இதனை விளையாட்டு என்று கருதுவார் உளர். பின் நிகழ்ந்தவை அக்கருத்தை மறுக்கின்றன. இச்சிறுகதையில் போல்ஸ்டெட் என்னும் ஆசிரியர் ஒருவர் வந்து போகிறார். லைரா அவரை அவ்வளவாக விரும்புவதில்லை. படிப்போர் மறந்துவிடத்தக்க சிறு மாந்தர். பதினான்கு ஆண்டு கழித்து, 2017இல், புல்மன் தம் அடுத்த முத்தொகுதியை ‘லா பெல் சவாஜ்’ என்னும் புதினத்தால் தொடங்கியபோது, கைக்குழந்தையான லைராவைப் பெருவெள்ளத்தினூடே படகில் காத்துச் செல்லும் சிறுவனாக அதே மால்கம் போல்ஸ்டெட் கதைத்தலைவன் ஆனான். 2019இல் வந்த ‘தி சீக்ரெட் காமன்வெல்த்’ லைராவைக் கீழைநாடுகளை நோக்கி ஸ்மர்னா வழியாகக் கொண்டு சென்றது. இங்கே துணைநூல் மூலநூலுக்கு உரையாக நிற்கவில்லை. அடுத்த மூலநூலுக்கு வித்தாக நின்றது. நன்னூலார் வகுத்த முதல், வழி, சார்பு என்னும் மூன்றனுள் இதனை எங்கு அடக்குவது என்பது மாணாக்கர் சிந்தித்தற்குரியது. நமக்கு விடை எளிதிற் கிட்டவில்லை.

2008இல் வந்த ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி நார்த்’ அவ்வகையினதே. பலூன் ஓட்டி லீ ஸ்கோர்ஸ்பியும் கவசக்கரடி ஐயோரெக்கும் முதன்முதற் சந்தித்த வரலாறு அதன் பொருள். நூலின் பின்னே அட்டை விளையாட்டு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனினும் சுவையானவை நூலிற் கண்ட மடல்கள். அவற்றால் லைரா வடபுல வணிகம் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவியாகிவிட்டமை புலனாகிறது. கரடிகளோடும் சூனியக்காரியரோடும் திரிந்த சிறுமி மேற்கோளும் அடிக்குறிப்பும் தேடி அலைகிறாள்! நம் ஆய்வு மாணாக்கர்க்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரக்கூடும். ஆயினும் இது நகைச்சுவை மட்டும் அன்று. அருளால் அறிந்தவள் உழைப்பால் அறியப் புகுந்தாள் என்னும் மூன்றாம் புதினத்தின் முடிவை, ஒரு சொல்லும் விளக்காமல், இம்மடல்கள் மெய்ப்பிக்கின்றன. பிற்பதிப்புகளிற் சேர்க்கப்பட்ட ‘விளக்குப் படங்கள்’ என்னும் உரைநடைத் துணுக்குகளும் இத்தன்மையனவே. அவை காட்டுகின்றன, விளக்குவதில்லை.

பிறர் எழுதிய கையேடுகள் வேறு வகையின. லாரி ஃபிராஸ்ட் தொகுத்த பெருங்கையேடு புல்மனின் முன்னுரையோடு வந்தது. மாந்தர், இடம், உயிரினம், கருவி அனைத்தையும் நிரல்படத் தருவது. மேரி கிரிபின், ஜான் கிரிபின் இருவரும் 2003இல் எழுதிய நூல், கதையில் வரும் பல்லுலகக் கொள்கை முதலியவற்றின் அறிவியல் அடிப்படையை ஆராய்கிறது. இவற்றின் உழைப்பைக் குறைகூறல் நம் நோக்கமன்று. குறை இவற்றைப் படிக்கும் காலத்தில் இருக்கிறது. டீமன் என்றால் யாது என்று புல்மன் தொடக்கத்தில் எங்கும் வரையறை கூறுவதில்லை. லைராவும் அவள் டீமனும் இருண்ட கூடத்தில் ஒளிந்து செல்வதோடு கதை தொடங்குகிறது. நாமும் உடன் செல்கிறோம். பக்கந்தோறும் சிறிது சிறிதாக அறிகிறோம். டீமனை இழந்த சிறுவன் ஒருவன் அதற்கு ஈடாகக் காய்ந்த மீன் ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கும் காட்சி வரும்போது நம் நெஞ்சு நடுங்குகிறது. யாரும் நமக்கு எதனையும் விளக்காமையாலேயே அந்நடுக்கம் உண்டாகிறது. கையேட்டை முன்னரே படித்தவன் அச்சிறுவனைக் காணும்போது, தான் அறிந்த ஒரு செய்தி சரியென்று கண்டுகொள்வான், அவ்வளவே.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். 2007 டிசம்பரில் கிறிஸ் வைட்ஸ் இயக்கத்தில் ‘தி கோல்டன் காம்பஸ்’ வெளிவந்தது. இத்தலைப்பே ஒரு பிழையின் பிள்ளை. மில்டனின் பெருங்காப்பியத்தில், இறைவன் படைப்பின் எல்லையை வட்டமிட்டு வரையும் பொற்கருவியைக் குறிக்கும் தொடர் ஒன்று உண்டு. புல்மன் அதனைத் தொகுதிக்குத் தற்காலிகப் பெயராக வைத்திருந்தார். அமெரிக்கப் பதிப்பகத்தார் அது லைராவின் கருவியைக் குறிப்பதென்று கருதி முதல் நூலுக்கே சூட்டிவிட்டனர். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு கருவிகளையும் குறித்தலால் நேர்ந்த மயக்கம் இது. கவராயம் வேறு, திசைகாட்டி வேறு எனக் கொண்ட தமிழில் இப்பிழை பிறந்திராது.

படம் செய்த முதல் மாற்றம் ஒரு பாயிரம் சேர்த்தது. செராஃபினா என்னும் சூனியக்காரியின் குரல், பல உலகங்கள் உண்டு, அவற்றுள் ஒன்றில் உயிர் விலங்காய் உடன் நடக்கும், துகள் என்பது இன்னது என்று தொடக்கத்திலேயே எடுத்துரைத்துவிடுகிறது. கையேடு செய்யும் பணியைப் படம் தன்னுள்ளேயே ஏற்றுக்கொண்டது. சமயம் பற்றிய கடுஞ்சொற்கள் மிகவும் தணிக்கப்பட்டன. கரடிகளின் போரும் வடபுல ஆய்வுக்கூட நிகழ்ச்சியும் இடம்மாறின. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவியலாதது முடிவு.

நூலின் முடிவு எது? லைரா தன் தோழன் ரோஜரை மீட்டுத் தன் தந்தை ஆஸ்ரியலிடம் அழைத்துச் செல்கிறாள். உதவி செய்வதாகவே எண்ணுகிறாள். ஆஸ்ரியலோ அச்சிறுவனை அவன் டீமனிலிருந்து அறுத்து, அப்போது வெளிப்படும் ஆற்றலால் வேற்றுலகத்திற்குப் பாலம் திறக்கிறான். ரோஜர் இறக்கிறான். அன்பினாற் செய்த செயலே தோழனைக் கொன்றது என்னும் அறிவோடு லைரா அப்பாலத்தில் நடக்கிறாள். பின்னிரு நூல்களும் இக்குற்றவுணர்விலிருந்தே எழுகின்றன. இறந்தோர் உலகிற்கு அவள் செல்வதும் ரோஜரைக் காணவே. படத்திற்கென எடுக்கப்பட்ட இக்காட்சிகள் வெளியீட்டிற்கு முன் நீக்கப்பட்டன. இரண்டாம் படத்தின் தொடக்கத்திற்கென ஒதுக்கப்பட்டன. படம் இனிதாக முடியவேண்டும் என்னும் விற்பனை நெருக்கடி இருந்ததை இயக்குநரே கூறியுள்ளார். இரண்டாம் படம் எடுக்கப்படவே இல்லை. ஏறத்தாழ 18 கோடி டாலர் செலவான படம் அமெரிக்காவில் ஈட்டியது ஏறத்தாழ 7 கோடியே. காட்சி உத்திகளுக்கான ஆஸ்கார் பரிசு மட்டும் 2008இல் கிடைத்தது.

நீக்கிய முடிவு எங்கே போயிற்று? டி.வி.டி. வட்டு வந்தபோது அதிலும் அது இல்லை. முன்னோட்டத் துணுக்குகளிலும், படத்தோடு வெளியான கணிப்பொறி விளையாட்டின் இடைக்காட்சிகளிலும் அதன் சிதறல்கள் சில எஞ்சின. வளையாபதி, குண்டலகேசி ஆகியவற்றின் செய்யுட்கள் உரைகளிலும் தொகைநூல்களிலும் எஞ்சியமையை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆயின் அங்கே மூலம் காலத்தால் அழிந்தது, உரையாசிரியர் காத்தனர். இங்கே மூலத்தை உடையவரே அதனை ஒதுக்கினர். விளையாட்டுப் பொருள் தற்செயலாகக் காத்தது. வழிநூல் முதல்நூலின் முடிபோடு முற்றும் ஒத்திருக்கவேண்டும் என்பது நம் இலக்கணம். முடிபு என்பது அங்கே துணிந்த பொருளையன்றிக் கதையின் இறுதியைக் குறிப்பதன்று என்பதை நாம் அறிவோம். எனினும் இப்புதினத்தில் துணிந்த பொருளும் கதையின் இறுதியும் ஒன்றே. ஆதலின் இப்படம் வழிநூல் ஆகாது. சில ஒத்துப் பல வேறுபட்ட சார்புநூலே.

அலெக்சாந்தர் தெஸ்ப்லா அமைத்த பின்னணி இசை தனித்தட்டாக வந்தது. தேர்ந்த இசை, அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. அத்தட்டில் இடம்பெற்ற ‘லைரா’ என்னும் பாடலே நம் பொருளுக்கு நெருங்கியது. கேட் புஷ் என்னும் பாடகி இயற்றிப் பாடியது. லைராவின் பெயரை மீண்டும் மீண்டும் விளிப்பது. படத்தில் லைராவும் ரோஜரும் பலூனில் தந்தையை நாடி நம்பிக்கையோடு பறக்கையில் காட்சி முடிய, பெயர்ப்பட்டியலின்மேல் இப்பாடல் எழுகிறது. நூலில் ரோஜர் இறக்கும் இடத்தில் படத்தில் ஒரு பாட்டு நிற்கிறது. பாட்டின்மேற் குற்றமில்லை. தாலாட்டை ஒத்த அதன் மென்மை, நிகழவிருக்கும் கொடுமையை மறைக்கும் திரையாய் அமைந்துவிட்டது.

பி.பி.சி.யும் எச்.பி.ஓ.வும் இணைந்து எடுத்த தொலைக்காட்சித் தொடரின் முதற்பருவம் 2019 டிசம்பரில் முடிந்தபோது, ரோஜர் நூலில் இறந்தவாறே இறந்தான். லைரா பாலத்தில் நடந்தாள். 2007இல் விட்டுப்போன முடிவைத் திரையிற் காணப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

முதுகலை மாணாக்கர் சிலரோடு இப்புதினத்தின் இறுதி இயலைப் படித்து முடித்தபின் ஒருமுறை அப்பாடலை ஒலிக்கச் செய்தோம். படத்தைக் காணாதவர்களுக்கு அது இரங்கற்பாவாக ஒலித்தது. படத்தை முன்னரே கண்டிருந்த இருவர்க்கு மட்டும் பயணப் பாட்டாகவே ஒலித்தது.