பாலமும் மறைக்கப்பட்டோரும்

டேவிட் லீன் நெறிப்படுத்திய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957) சயாமில் நிகழும் கதை. எனினும் அதைப் பற்றிப் பேசுவோர், இலங்கையின் கித்துள்கலையில் களனி கங்கைக்குக் குறுக்கே மரத்தாற் கட்டப்பட்ட பாலம் மெய்யான புகையிரதத்துடன் தகர்க்கப்பட்டதையே பெரிதும் வியந்துரைப்பர். முதல் முயற்சி பிழைத்ததும் மறுமுறை வெடித்ததும் சுவையான செய்திகளே. ஆயின், திரைக்குப் பின்னால் நிகழ்ந்தவற்றுள் முதன்மையானவை இவையல்ல.

திரைக்கதையை எழுதிய கார்ல் போர்மனும் மைக்கேல் வில்சனும் இடதுசாரிச் சார்பினரென ஹொலிவூட்டில் விலக்கப்பட்டிருந்தனர். எனவே ஒஸ்கார் பரிசு, மூலநாவலைப் பிரெஞ்சில் எழுதிய பியர் பூலுக்கே வழங்கப்பட்டது. எழுதிய இருவரும் மறைந்த பின்னரே, எண்பதுகளில், அத்தவறு திருத்தப்பட்டது.

மற்றொரு மறைப்புத் திரையிலேயே உளது. 1942-43 இல் சயாம் - பர்மா இருப்புப்பாதையை அமைக்கையில் மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை, மாண்ட போர்க்கைதிகளின் தொகையிலும் பன்மடங்காகும். அவருட் பலர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். பிரித்தானிய அதிகாரி ஒருவரின் கௌரவத்தையே மையமாகக் கொண்ட இப்படத்தில் அவர்தம் துயருக்கு இடமில்லை.

பாலம் தகரும் காட்சியின் செய்ந்நேர்த்தி போற்றற்குரியதே. ஆனால் எழுதியவர் பெயரையும் உழைத்தவர் முகத்தையும் மறைத்த ஒரு படைப்பை அச்செய்ந்நேர்த்தி கொண்டு மட்டும் மதிப்பிடுதல் திறனாய்வாகாது.