பருத்தியின் பிடியில்: ஓர் அறிக்கை பற்றிய திறனாய்வு

2011 மே மாதத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு மையமும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் இணைந்து 'கேப்சர்டு பை காட்டன்' என்னும் அறிக்கையை வெளியிட்டன. 'பருத்தியின் பிடியில்' என அதனைத் தமிழில் கூறலாம். பெருந்துறை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் பணிபுரிவோர் இதனைக் கற்பது அவசியம் எனக் கருதுகிறோம். ஆயினும் கற்பது வேறு, அப்படியே ஏற்பது வேறு. அறிக்கையின் நிறை குறைகளை எடைபோடுவதே இங்கு நம் நோக்கம்.

அறிக்கையின் பொருள் சுமங்கலித் திட்டம். 'கேம்ப் கூலி' எனவும் வழங்கிய இம்முறையில் இளம் பெண்கள் மூன்றாண்டளவு ஆலை விடுதியில் தங்கி உழைப்பர். நாட்கூலியில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்படும். காலம் முடிந்தபின் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகத் தரப்படும் என்பது வாக்குறுதி. இடையில் நோயுற்று நின்றவள் அத்தொகையை இழக்க நேர்ந்தது. இப்பெண்களுள் பெரும்பான்மையோர் தலித் குடும்பத்தினர் என்பதை அறிக்கை வெளிப்படையாகக் கூறியது. நான்கு பெரிய உற்பத்தி நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆடைகளை வாங்கும் மேலைநாட்டு நிறுவனங்களையும் பெயர் சுட்டியது. இதுவே அதன் தலையாய சிறப்பு.

இச்சிறப்பின் அருமையை உணர, வணிகச் சங்கிலியின் அமைப்பை அறிதல் வேண்டும். ஐரோப்பிய விற்பனை நிறுவனம் திருப்பூர் ஏற்றுமதியாளருக்கு ஆர்டர் தருகிறது. பின்னலும் சாயமும் அச்சும் பெரும்பாலும் ஜாப் ஒர்க் முறையில் பிறரிடம் செல்கின்றன. நூலோ வேறோர் ஆலையிலிருந்து வருகிறது. வாங்குவோரின் ஆய்வாளர் தையற்கூடத்தைப் பார்வையிட்டுத் திரும்பிவிடுவார். நூற்பாலை விடுதியின் கதவு அவர் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாத அக்கதவையே அறிக்கை திறந்து காட்டிற்று.

எனினும் இரண்டு குறைகளைச் சுட்டாதிருத்தல் இயலாது. முதலாவது, விலை பற்றியது. ஓர் ஆடைக்கு இவ்வளவே தருவோம், இத்தனை நாளில் அனுப்புக என வாங்குவோர் கட்டளையிடும்போது, அந்நெருக்கடி படிப்படியாகக் கீழிறங்கி, எதிர்த்துப் பேச இயலாதவளின் கூலியில் போய் நிற்கிறது. நம் மதிப்பீட்டில், இக்கேள்வி அறிக்கையின் மையத்தில் வைக்கப்படவில்லை. விலையைத் தொடாத கண்காணிப்பு, நோயைத் தொடாத மருத்துவம் போன்றது.

இரண்டாவது, நம்மைப் பற்றியது. இவ்வறிக்கையைப் படிக்கும் ஐரோப்பியர் ஆலையைக் குற்றவாளியாகக் காண்பர், அது தகும். ஆனால் 'சுமங்கலி' என்னும் சொல்லை ஆலை முதலாளி படைக்கவில்லை. அதை நம் சமுதாயத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் இயற்றப்பட்ட பின்னரும் மகளின் திருமணத்திற்கெனத் தந்தை திரட்ட வேண்டிய தொகையே இத்திட்டத்தின் மூலதனமாயிற்று. திருமணங்களை நடத்தி வைக்கும் ஆயர்கள் இச்சங்கிலியின் இக்கண்ணியைப் பிறர் குற்றமென ஒதுக்க முடியுமா?

அறிக்கையின் பயன் யாது? அதே அமைப்புகள் 2014இல் 'ஃபிளாட் ஃபேப்ரிக்ஸ்' என்னும் அறிக்கையில் தமிழகத்தின் ஐந்து நூற்பாலைகளை ஆராய்ந்து, கொடுமைகள் தொடர்வதாகவே எழுதின. அம்பலப்படுத்துதல் மட்டும் போதாது என்பதற்கு இது சான்று. 2021 ஜனவரியில் இளம் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டதை அடுத்து, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவாயிற்று. அதில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்னும் பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒரு தரப்பாகக் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம் நிறுவனமும் சட்டப்படி கட்டுப்படும் உடன்பாட்டில் இணைந்தது. அறிக்கையில் சாட்சியாக மட்டும் நின்ற பெண், இங்கு ஒப்பந்தக்காரியாக நிற்கிறாள். இவ்வேறுபாடு சிறிதன்று.

இன்று நம் வட்டார ஆலை விடுதிகளில் ஒடிசா, பீகார் மாநிலத்தவரும் தங்கியுள்ளனர். அவர்களது மொழி நமக்குத் தெரியாது. அவர்களது கூலிக் கணக்கும் தெரியாது. அயல்நாட்டார் நம் ஊரைப் பற்றி எழுதியதைப் படித்து வியப்பதோடு நில்லாமல், நம் ஊரை நாமே நேர்மையுடன் ஆராய்ந்து எழுத வேண்டும். அத்தகைய தமிழ் அறிக்கை ஒன்றிற்கு இந்நூல் நல்ல தொடக்கமாகலாம். முடிவாக இருத்தல் கூடாது.