மாலுமியின் சாட்சியம்: குயிரோஸின் கடற்பயண நூல் பற்றிய ஒரு நோக்கு

கடற்பயண வரலாறுகளை நாம் பெரும்பாலும் செய்திகளுக்காகவே படிக்கிறோம். எந்த ஆண்டில் எந்தத் தீவு காணப்பட்டது, எத்தனை கப்பல்கள் சென்றன, எத்தனை பேர் மீண்டனர் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்ததும் நூலை மூடிவிடுகிறோம். அவ்விடைகளைத் தருபவன் யார், எந்நிலையில் நின்று தருகிறான், எதைச் சொல்லாது விடுகிறான் என்னும் வினாக்கள் எழுவதில்லை. பசுபிக் சமுத்திரத்தில் ஸ்பானியர் மேற்கொண்ட தொடக்ககாலப் பயணங்களுள் ஒன்றைப் பற்றி எழுந்த நூலொன்றை இந்த வினாக்களோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1595ஆம் ஆண்டு அல்வாரோ டி மெண்டானா மேற்கொண்ட இரண்டாவது பயணத்தைப் பற்றி, அவருடைய தலைமை மாலுமியாகிய பெட்ரோ பெர்னாண்டிஸ் டி குயிரோஸ் விட்டுச்சென்ற வரலாறே அந்நூல்.

நூலின் பகைப்புலத்தை முதலில் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். மெண்டானா 1567ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெரு நாட்டின் கல்லாவோ துறைமுகத்திலிருந்து இரு கப்பல்களுடன் புறப்பட்டு, 1568ஆம் ஆண்டு பெப்ரவரியில் இன்று சொலமன் தீவுகள் எனப்படும் நிலப்பரப்பை அடைந்தார். விவிலியம் கூறும் சாலமன் மன்னனின் பொன் விளைந்த நாடு இதுவே என்ற நம்பிக்கை, கண்டதைவிடக் காண விரும்பியதற்கே பெயரிட்டது. பொன் கிடைக்கவில்லை, 1569இல் கப்பல்கள் மீண்டன. தீர்க்கரேகையைத் துல்லியமாக அளக்கும் வழி அக்காலத்தில் இல்லாமையால், அத்தீவுகள் உண்மையில் இருக்கும் இடத்திலிருந்து பெருந்தொலைவு கிழக்கே இருப்பதாகக் கணிக்கப்பட்டன. விளைவாக, கண்டவரே மறுபடி காணமுடியாத தீவுகளாக அவை மாறின. ஐரோப்பியர் அவற்றை மீண்டும் அடைய ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன.

1595ஆம் ஆண்டு ஏப்ரலில் நான்கு கப்பல்களில் ஏறத்தாழ 380 பேருடன் மெண்டானா மீண்டும் புறப்பட்டார். இம்முறை நோக்கம் குடியேற்றம். அவருடைய மனைவி இசபெல் பரெற்றோவும் அவளுடைய சகோதரர்களும் உடன் சென்றனர். யூலை மாதத்தில் மார்க்குவேசஸ் தீவுகளைக் கண்டனர். செப்டெம்பரில் ஒரு கப்பல் இரவோடிரவாக மறைந்தது. எஞ்சியோர் சாந்தா குரூஸ் தீவிலே குடியேற முயன்றனர். நோயும் உட்பகையும் பெருக, ஒக்டோபர் 18ஆந் திகதி மெண்டானா இறந்தார். அவருடைய இறுதி விருப்பப்படி இசபெல் ஆளுநரானாள். நவம்பரில் தீவைக் கைவிட்டு மணிலாவை நோக்கிப் புறப்பட்ட கப்பல்களுள், இசபெல்லும் குயிரோஸும் சென்ற சான் ஜெரோனிமோ 1596ஆம் ஆண்டு பெப்ரவரியில் அங்கு சேர்ந்தது. வழியில் மட்டும் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். போதிய வரைபடமின்றி, அழுகிய பாய்களோடும் கயிறுகளோடும் அக்கப்பலைக் கரைசேர்த்தவர் குயிரோஸ் என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

இவ்வரலாறு எழுதப்பட்ட முறை நம் கவனத்துக்குரியது. நூல் தன்மையிடத்தில் அன்றிப் படர்க்கையிலேயே செல்கிறது. குயிரோஸ் அதில் ‘தலைமை மாலுமி’ என்றே குறிக்கப்படுகிறார். அவருடைய செயலாளராய் இருந்த லூயிஸ் டி பெல்மொண்டே பெர்முடெஸ் என்னும் கவிஞரே இதற்கு எழுத்துருத் தந்தவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1876ஆம் ஆண்டில் மட்ரிட் நகரில் அச்சேறும்வரை இது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. படர்க்கை நடை வாசகனிடத்து ஒரு நடுநிலைத் தோற்றத்தை உண்டாக்குகிறது. ‘நான் தடுத்தேன்’ என்று ஒருவன் கூறினால் நாம் சற்றே ஐயுறுவோம். ‘தலைமை மாலுமி தடுத்தார்’ என்று நூல் கூறும்போது அந்த ஐயம் எழுவதில்லை. தன் வழக்கில் தானே சாட்சியாகவும் தானே தீர்ப்பாளனாகவும் அமரும் வாய்ப்பினை இந்நடை குயிரோஸுக்கு அளித்துள்ளது எனலாம்.

எனினும் இந்நூலின் அறச்சீற்றத்தை வெறும் பாசாங்கு என ஒதுக்குதல் தவறாகும். மார்க்குவேசஸ் தீவுகளில் ஸ்பானியப் போர்வீரர்கள் ஏறத்தாழ 200 தீவினரைக் கொன்றனர் என்ற செய்தியைப் பதிவு செய்திருப்பது இந்நூலே. அங்கு வரும் ஒரு காட்சி மறக்கற்பாலதன்று. குழந்தையைக் கையிலேந்தி நீந்திச் செல்லும் ஒருவனை ஒரு வீரன் சுட்டு வீழ்த்துகிறான். இருவரும் நீரில் அமிழ்கின்றனர். வானை நோக்கிச் சுட்டிருக்கலாமே என மாலுமி கேட்க, குறி தவறாதவன் என்ற பெயரை இழக்க மனமில்லை என்பது அவன் விடையாகிறது. குடியேற்ற வன்முறையின் உளவியலை இத்துணைச் சுருக்கமாகக் காட்டும் பகுதிகள் அக்காலப் பயண நூல்களில் அரியன. கொலைக்குப் பகைமையோ அச்சமோ கூடக் காரணமாக இல்லை. தொழிற் பெருமையே காரணமாயிற்று.

ஆயின் இத்தகைய காட்சிகளை அடுத்தடுத்துப் படிக்கும்போது ஓர் ஒழுங்கு புலனாகிறது. பிறர் தவறு செய்கின்றனர், தலைமை மாலுமி நல்லுரை கூறுகிறார், எவரும் கேளார், கேடு விளைகிறது. இவ்வொழுங்கு உச்சநிலை அடைவது இசபெல் பற்றிய பகுதியிலாகும். பயணிகள் கரப்பான் பூச்சிகள் கலந்த நாற்றநீரை மிகச் சிறிய அளவிற் பெற்று உயிர் தரித்திருக்க, அவள் நன்னீரைத் தன் ஆடைகளை வெளுக்கப் பயன்படுத்தினாள் என்கிறது நூல். மாலுமி முறையிட்டபோது, தன் உடைமையைத் தன் விருப்பப்படி பயன்படுத்தத் தனக்கு உரிமையுண்டு என அவள் கூறியதாகவும் தெரிவிக்கிறது. பிற்காலத்தார் மனத்தில் இசபெல் ஓர் இரக்கமற்ற பெண்ணாகப் பதிந்தமைக்கு இப்பகுதியே பெரிதும் காரணமாகும்.

இந்நிகழ்ச்சி பொய்யென வாதிடுதல் எமது நோக்கமன்று. இசபெல்லின் வாயில் நூல் வைத்துள்ள ‘உடைமை’ என்ற சொல்லையே ஊன்றி நோக்குதல் வேண்டும். இப்பயணம் அரசனின் செலவில் நடந்த ஒன்றன்று. 1574ஆம் ஆண்டு இரண்டாம் பிலிப் மன்னனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மெண்டானா தம் பொருளையிட்டு நடத்த வேண்டிய தனியார் முயற்சியாகவே அது அமைந்தது. ஈடாக அவருக்குப் பட்டமும் நிலவுரிமையும் வாக்களிக்கப்பட்டன. கப்பலிலுள்ள பண்டம் சட்டப்படி முதலீட்டாளரின் சொத்து. கப்பலிலுள்ள மனிதரோ பசித்த உயிர்கள். இவ்விரண்டும் மோதிய இடத்திலேயே இசபெல்லின் விடை பிறக்கிறது. தனிமனிதக் குணக்கேடாக நூல் காட்டுவது உண்மையில் அம்முயற்சியின் பொருளியல் அடிப்படையிலேயே உறைந்திருந்த முரண்பாடாகும். குயிரோஸ் இம்முரண்பாட்டைக் கண்முன்னே கண்டார். ஆனால் அதற்கு ஒரு பெண்ணின் பெயரை இட்டார்.

ஏன் அவ்வாறு இட்டார் என்பதற்கும் விடை காணலாம். மணிலாவிலே அதிகாரியாய் இருந்த அந்தோனியோ டி மோர்காவுக்குக் குயிரோஸ் இப்பயணம் பற்றி ஒரு மடல் வரைந்தார். 1609ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் வெளியான மோர்காவின் நூலில் அது இடம்பெற்றுள்ளது. வழியும் அகலாங்கும் தீவுகளுமே அதில் முதன்மை பெறுகின்றன. செய்தியை இரகசியமாக வைத்திருக்குமாறும் அவர் வேண்டுகிறார். பின்னாளில் அவர் அரசனிடம் மனுமேல் மனுவாக அனுப்பி, தென்திசை நிலத்தைத் தேடும் மற்றொரு பயணத்துக்கு ஆதரவு கோரினார். அத்தகைய ஒருவருக்கு 1595ஆம் ஆண்டின் தோல்வி ஒரு பெருந்தடை. முயற்சி நல்லது, முயன்றவரே தீயவர் என்று நிறுவினாலன்றி அவர் வழக்கு வெல்லாது. நூலின் கட்டமைப்பு இத்தேவையோடு இயைந்து செல்கிறது.

1605ஆம் ஆண்டு டிசெம்பரில் குயிரோஸ் தாமே தலைவராகப் புறப்பட்டு, அடுத்த ஆண்டில் இன்றைய வனுவாத்துவைச் சேர்ந்த எஸ்பிரித்து சாந்தோ தீவை அடைந்தார். புதிய ஜெருசலேம் எனப் பெயரிட்ட குடியேற்றம் சில வாரங்களிலேயே கைவிடப்பட்டது. தீவினரோடு அங்கும் மோதல், அங்கும் குருதி. அப்பயணத்தில் உடன்சென்ற டியேகோ டி பிராதோ எழுதிய வரலாறு குயிரோஸைக் கடுமையாகச் சாடுகிறது. குயிரோஸின் நூலில் இசபெல் நின்ற இடத்தில் பிராதோவின் நூலில் குயிரோஸ் நிற்கிறார். எழுதுபவன் மாறக் குற்றவாளியும் மாறுகிறான். இசபெல்லோ தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லும் வரலாறு எதனையும் நமக்கு விட்டுச்செல்லவில்லை.

அவளினும் ஆழ்ந்த மௌனம் தீவினருடையது. சாந்தா குரூஸின் தலைவனாகிய மாலோப்பே மெண்டானாவோடு பெயர் மாற்றிக்கொண்டு நட்புப் பூண்டான். உணவு கொடுத்து உதவினான். தீவை விட்டகலப் பூசல் ஒன்றை விரும்பிய வீரர்கள் அவனைக் கொன்றனர். கொன்றவருள் ஒருவனின் தலையை வெட்டி, நீதி செய்ததற்கு அடையாளமாக மாலோப்பேயின் இல்லத்து வாயிலில் வைத்தனர். அவன் மக்கள் முன்னரே ஓடிவிட்டனர். நூலாசிரியர் மாலோப்பேக்காக மெய்யாகவே வருந்துகிறார். ஆனால் அவன் நிலத்திற் குடியேற இவர்களுக்கு என்ன உரிமை என்ற வினா அவ்வருத்தத்தில் ஓரிடத்தும் தலைகாட்டவில்லை. இரக்கம் உண்டு, ஐயம் இல்லை. இந்நூலின் எல்லை இதுவேயாகும்.

எழுத்து விட்ட இடைவெளியை மண் சிறிது நிரப்பியுள்ளது. 1595இல் மறைந்த கப்பலைப் பற்றிக் குயிரோஸால் எதுவும் கூறமுடியவில்லை. 1970களில் மக்கிரா தீவின் பாமுவா என்னுமிடத்தில் நடந்த அகழாய்வில் ஸ்பானிய மட்கல ஓடுகள் கிடைத்தன. மூழ்கியதாகக் கருதப்பட்டோர் அங்கே கரையேறிச் சிறிது காலமேனும் வாழ்ந்தனர் என்பது அதனால் தெரியவந்தது. ஒரு சாட்சியத்தை மட்டும் நம்பியிருந்தால் இவர்கள் கடலுக்கடியிலேயே இருந்திருப்பர்.

இவற்றால் குயிரோஸின் நூல் மதிப்பிழந்து விடுகிறதா? இல்லை என்பதே எமது முடிவு. தம்மை நியாயப்படுத்தப் பிறருடைய குற்றங்களைத் தேடிய அதே முனைப்பே, வேறு எவரும் மறைத்திருக்கக்கூடிய கொலைகளை அவரை எழுதவைத்தது. நீந்திச் சென்ற அந்தத் தந்தையும் குழந்தையும் நம் நினைவில் இருப்பது, தன்னலம் கலந்த அச்சாட்சியத்தின் பயனாகவேயாகும். சான்றின் குறையே சில வேளைகளில் அதன் பயனுக்கும் காரணமாகிறது. ஆகவே அவர் சுட்டும் குற்றங்களை ஏற்றுக்கொள்வோம். அவர் சுட்டும் காரணங்களை மட்டும் கேள்விக்குள்ளாக்குவோம். பயண நூல்களை இவ்வாறு பயிலும் பழக்கம் நமது பல்கலைக்கழகங்களில் வளருமாயின், வரலாற்று மாணவனும் இலக்கிய மாணவனும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கும்.