அட்டாமிக் ஃபாரஸ்ட்டின் ஒற்றை இசைத்தட்டு

பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் ராக் குழு 1970களில் மேடைகளை அதிரவைத்தது. ஆனால் முழு இசைத்தட்டாக அது விட்டுச்சென்றது ‘அப்செஷன் 77’ ஒன்றுதான். அதுவும் 1981இல்தான் வெளிவந்தது. 2011இல் அமெரிக்காவின் நவ்-அகெய்ன் நிறுவனம் மறுபதிப்பாக்கிய பின், இந்திய சைகடெலிக் ராக்கின் புதையலாக அது கொண்டாடப்படுகிறது. அரிய தட்டு என்பதில் ஐயமில்லை. எனினும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘ஃபாக்ஸி லேடி’, டீப் பர்ப்பிளின் ‘மேரி லாங்’ என்று பிறர் பாடல்களை அது நம்பியிருப்பதை அதன் அரிய தன்மையைக் காட்டி மறைக்க முடியாது. பிறர் பாடலை அப்படியே பாடும் ‘கவர்’ வழக்கம் அக்காலக் குழுக்களுக்கு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்பதற்கு இத்தட்டே நல்ல சான்று.

கொடுத்தது கொஞ்சமல்ல. வெளிநாட்டுத் தட்டுகள் எளிதில் கிடைக்காத காலத்தில், கேள்வி ஞானத்தால் மட்டுமே ஹெண்ட்ரிக்ஸின் கிட்டாரை விரலுக்குக் கொண்டுவருவது கடுமையான பயிற்சி. அந்தப் பயிற்சியின் பலனைச் சொந்த ஆக்கமான தலைப்பு இசையில் கேட்கலாம்: தாளம் துள்ளுகிறது, கிட்டார் யாருடைய சாயலுமின்றிப் பேசுகிறது. அடுத்து ‘ஃபாக்ஸி லேடி’க்கு வந்தால் மூலத்தோடு ஒப்பிடாமல் கேட்கவே முடிவதில்லை. அப்படியானால் தியாகையர் கீர்த்தனையைப் பாடும் வித்துவானை நகலெடுப்பவர் என்போமா என்று கேட்கலாம். மாட்டோம். நிரவலும் கற்பனைஸ்வரமும் அவருக்கென்றே விடப்பட்ட இடங்கள். அங்கே அவர் தம் மனோதர்மத்தைக் காட்டியாக வேண்டும். கவர் பாடலில் ரசிகர் எதிர்பார்த்ததோ மூலத்தின் அச்சு. சினிமாப் பாட்டையே நம்பிய இசைத்தட்டுச் சந்தையில் வேறு வழியில்லை என்ற வாதமும் பாதிதான் சரி. ஏன் ஒரே தட்டு என்பதற்கு அது விடை; அந்த ஒரே தட்டில் ஏன் இத்தனை இரவல் என்பதற்கு விடையாகாது. அக்காலத்து ராக் குழுக்களுக்கான சிம்லா பீட் போட்டியின் இசைத்தட்டில் மெட்ராஸ் குழுவான கன்ஃபியூஷன்ஸ் தன் சொந்தப் பாட்டோடு இடம்பிடித்ததே!

பினாங்கு வாசகருக்கு இது தூரத்துக் கதையல்ல. லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு இந்தத் தீவில் பிறந்து, ஹாங்காங் மேடைகள்வரை ஆங்கிலப் பாடல்களைப் பாடித்தான் வளர்ந்தது. 1970களின் இறுதியில் மலாய்ப் பாடல்களுக்கு வந்தபின் இசையமைப்பாளர் எம். நாசிர் போன்றோர் அவர்களுக்கென்றே மெட்டமைத்தனர். எழுதியவர் வேறு, பாடியவர் வேறு. ஆனாலும் லோகநாதனின் குரலை மனத்தில் வைத்துப் பிறந்த பாடல்களில் இரவல் வாடை இல்லை. ஆகவே அட்டாமிக் ஃபாரஸ்ட் தானே அதிகம் எழுதவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. தனக்கென்று எழுதப்பட்ட பாடல்கள் அதற்கு அதிகம் வாய்க்கவில்லை என்பதே குறை. தலைப்பு இசையைக் கேட்டால் அந்த இழப்பின் அளவு புரியும்.