பயந்து பாடிய பாட்டு

ஒரு மரபில் பிறந்தவர் இன்னொரு மரபின் பாட்டைப் பாடலாமா என்று கேட்டால், "தாராளமாகப் பாடலாம், சங்கீதத்துக்கு ஜாதி ஏது?" என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் பாட்டைப் பறிகொடுத்தவர்கள் அல்ல. கேள்வி அவ்வளவு லேசானதல்ல என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் எடுத்துக் கேட்பது 1969-ல் வெளிவந்த ஓர் இசைத்தட்டு. 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' என்று பெயர்.

அமெரிக்கக் கறுப்பு மக்கள் தங்கள் மாதா கோயில் பாட்டையும் துயரப் பாட்டையும் கலந்து உண்டாக்கிய சங்கீதத்துக்கு 'ஸோல்' என்று பெயர். ஆத்மா என்று அர்த்தம். அதையே வெள்ளைக்காரர் பாடினால் 'நீலக்கண் ஸோல்' என்பார்கள். பாதி பாராட்டு, பாதி பரிகாசம்.

டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் 1939-ல் லண்டனில், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நிஜப் பெயர் மேரி ஓப்ரையன். கறுப்பர் சங்கீதத்தின் மேல் அவருக்கு இருந்தது வெறும் மோகம் அல்ல. 1964-ல் தென்னாப்பிரிக்காவில், நிறம் பிரிக்காத சபையில்தான் பாடுவேன் என்று பிடிவாதமாக நின்று, அதற்காகவே அந்தச் சர்க்காரால் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். 1965-ல் மோட்டவுன் பாடகர்களை பிரிட்டிஷ் டெலிவிஷனில் தாமே முன்னின்று அறிமுகப்படுத்தினார். இரவல் வாங்கியவர்தான், ஆனால் யாரிடம் வாங்கினோம் என்பதை மறக்காதவர்.

அப்படிப்பட்டவரை 1968 செப்டம்பரில் மெம்ஃபிஸ் நகரத்துக்கு அழைத்துப் போனார்கள். அதே வருஷம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு இறந்த ஊர் அது. அழைத்தவர் அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர். அரீதா ஃபிராங்க்ளினையும் வில்ஸன் பிக்கெட்டையும் பதிவு செய்து பேர் வாங்கியவர். அவர் பொறுக்கி வைத்திருந்த பாட்டுக்களையெல்லாம் டஸ்டி முதலில் தள்ளிவிட்டாராம். பிறகு ஒரு வழியாகப் பாட்டுக்கள் தேறி, 'அமெரிக்கன் ஸவுண்ட்' ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக்காரர்கள் வாசித்தும் ஆயிற்று. இவருக்குத்தான் வாயைத் திறக்க முடியவில்லை. பெரிய குரல்கள் நின்று பாடிய இடத்தில் தானும் நிற்பதா என்ற பயம். கடைசியில், தட்டில் நாம் கேட்கும் குரல் நியூயார்க்கில் பதிவாயிற்று. அங்கேயும் தன் குரல் தனக்கே கேட்காதபடி காதுக் கருவியில் வாத்தியத்தை உரக்க வைக்கச் சொன்னார் என்று வெக்ஸ்லர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆக, 'மெம்ஃபிஸில் டஸ்டி' என்ற தலைப்பே பாதிதான் உண்மை. இன்னும் கேளுங்கள். அந்தக் கூடத்து வாத்தியக்காரர்கள் வெள்ளைக்காரர்கள். வெக்ஸ்லருடன் உழைத்த இருவரில் டாம் டௌட் நியூயார்க்வாசி, ஆரிஃப் மார்டின் துருக்கியர். பதினொரு பாட்டில் நான்கு ஜெரி கோஃபினும் கரோல் கிங்கும் எழுதியவை. இரண்டு ராண்டி நியூமன் எழுதியவை. கறுப்புக் குரல் எங்கே என்று தேடினால், பின்பாட்டில் இருக்கிறது: 'ஸ்வீட் இன்ஸ்பிரேஷன்ஸ்' என்ற பெண்கள். சொந்தக்காரர்கள் பின்னால் நிற்க, விருந்தாளி முன்னால் பாடுகிறார். இந்த உறுத்தலை மறைத்துவிட்டு இத்தட்டைப் புகழ்வது நியாயமாகாது.

பின் ஏன் புகழ்கிறேன்? 'ஸன் ஆஃப் எ பிரீச்சர் மேன்' என்ற பாட்டைக் கேளுங்கள். அரீதாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அவர் முதலில் வேண்டாமென்று விட, டஸ்டியிடம் வந்தது. பாதிரியார் மகனோடு பழகிய ஒரு பெண்ணின் பாட்டு. அரீதாவோ மெம்ஃபிஸிலேயே பிறந்தவர், பாதிரியாரின் மகள். அவரும் பின்னர் பாடினார், 1970-ல் வெளிவந்தது. அரீதா பாடும்போது ஆலயத்தின் கதவு ஜன்னலெல்லாம் திறந்துகொள்கின்றன. டஸ்டி பாடும்போது, பெரியவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள் என்ற ஜாக்கிரதை குரலில் இருக்கிறது. அரீதாவோடு போட்டி போட்டிருந்தால் தோற்றிருப்பார். போடவில்லை. சாரீரத்தை ஒடுக்கி, சொல்லின் கடைசி எழுத்தை மூச்சிலே கரையவிட்டு, ரகசியமாகப் பாடுகிறார்.

நியூமனின் பாட்டு ஒன்றில், மெல்லிய சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் தன் காதலனைப் பற்றி வம்பளப்பதை ஒரு பெண் கேட்க நேர்கிறது. ஒண்டிக்குடித்தனம் அறிந்த நமக்கு அதன் வேதனையை விளக்க வேண்டியதில்லை. அழுது தீர்க்க எவ்வளவோ இடமிருந்தும் டஸ்டி அழுவதில்லை. அழாமல் இருக்கப் பாடுபடுவதுதான் கேட்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தொண்டையை அடைத்த பயமே இங்கே பாவமாக மாறிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? அந்த ஒரு பாட்டு இரு தேசத்திலும் முதல் பத்துக்குள் வந்தது. முழுத் தட்டு அமெரிக்கப் பட்டியலில் தொண்ணூற்றொன்பதாம் இடத்தைத் தாண்டவில்லை. விமர்சகர் சிலர் அப்போதே பாராட்டினார்கள். ஆனால் விமர்சகரின் பாராட்டு கடைச் சரக்கை நகர்த்துவதில்லை. 1994-ல் 'பல்ப் ஃபிக்ஷன்' என்ற சினிமாவில் அந்தப் பாட்டு ஒலித்த பிறகு புதிய தலைமுறை தேடி வந்தது. 1999-ல் டஸ்டி காலமானார். 2020-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இத்தட்டைத் தேசிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் சேர்த்தது.

கௌரவம் தாமதமாக வந்ததைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. பின்பாட்டுப் பாடிய பெண்களின் பேரைக் கேட்பவர் இன்றும் சொற்பமே, அதுதான் வருத்தம். அடுத்த முறை கேட்கும்போது முன்னால் பாடுகிறவருக்கு ஒரு காதைக் கொடுங்கள். இன்னொரு காதை அவர்களுக்குக் கொடுங்கள். டஸ்டி அதை ஆட்சேபித்திருக்க மாட்டார்.