கொடிப் பாட்டும் குலப் பாட்டும்

எழுத்து வழக்கு வேரூன்றாத மொழிக்கு இலக்கியம் உண்டோ என வினவும் மாணவர்க்குச் சோமாலி மொழியைச் சான்றாகக் காட்டலாம். 1972-இல்தான் இலத்தீன் எழுத்து அம்மொழியின் அரசு எழுத்தாயிற்று. அதற்கு முன்னரே அங்குப் பெருங்கவிஞர் வாழ்ந்தனர். அவர்தம் பாக்களை நெஞ்சில் ஏந்தி ஊர்தோறும் ஒப்புவித்தோரும் வாழ்ந்தனர். அவ்வாறு புகழ்பெற்றவர் அப்துல்லாஹி சுல்தான். நரைமுடியர் எனப் பொருள்படும் 'திமாதே' என்னும் பட்டப்பெயரே அவருக்கு நிலைத்தது.

பிரிட்டிஷார் ஆண்ட வடபகுதி 1960 ஜூன் 26-இல் விடுதலை பெற்றது. ஹார்கைசா நகரில் நீலநிறத்தில் வெண்விண்மீன் பொறித்த கொடி ஏறியபொழுது திமாதே பாடிய பாட்டு நாடெங்கும் பரவியது. ஐந்தே நாளில், இத்தாலியர் ஆண்ட தென்பகுதியோடு இணைந்து சோமாலியக் குடியரசு தோன்றியது.

சோமாலி யாப்பின் கட்டுப்பாடு கடுமையானது. நம் மோனை ஓரடிக்குள் சீர்களை இணைக்கும். அடுத்த அடிக்கு வேறெழுத்தை நாடலாம். 'கபை' என்னும் அவர்தம் நெடும்பாவிலோ, முதலில் கொண்ட ஒலியே இறுதிவரை ஒவ்வோர் அரையடியிலும் ஒரு சொல்லின் முதலாக வருதல் வேண்டும். நூறடிப் பாட்டெனின் இருநூறு சொற்கள்! ஏடும் எழுதுகோலுமின்றி இதனைச் செய்தனர் என்பதை நம் மரபுக் கவிதை மாணவர் எண்ணிப் பார்த்தல் நன்று.

கொடிப் பாட்டையே திமாதேயின் தலைசிறந்த படைப்பென்பார் உளர். எமக்கு அதில் உடன்பாடில்லை. விழாப் பாட்டுக்குக் கேட்போரின் கிளர்ச்சியே பாதி வலிமை தந்துவிடும். விடுதலைக்குப் பின் குலவெறியைச் சாடி அவர் பாடிய பாட்டோ அத்துணையைப் பெறாதது. அச்சமூகத்தில் கவிஞன் தன் குலத்தின் நா. பகை மூட்டவும் பழிவாங்கத் தூண்டவும் கவிதையே படைக்கலம். அப்படைக்கலத்தையே குலப்பற்றின்மீது திருப்பினார் திமாதே. குலம் எவர்க்கும் புகலிடமாகாது என்று தம் மக்கள் முகத்துக்கு நேரே உரைக்க நெஞ்சுரம் வேண்டும்.

அவர் அஞ்சியதே நடந்தது. 1969 மார்ச்சுத் தேர்தலில் 123 இடங்களுக்கு அறுபதுக்கு மேற்பட்ட கட்சிகள் போட்டியிட்டன. அவற்றுட் பல குலங்களின் நிழல்களே. அக்டோபரில் குடியரசுத் தலைவர் கொல்லப்பட்டார்; ஒரு வாரத்திற்குள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. திமாதே 1973-இல் மறைந்தார். 1991-இல் நடுவணரசு சரிந்தது. வடபகுதி தனிநாடென அறிவித்துக் கொண்டது. அவர் வாழ்த்திய கொடி ஹார்கைசாவில் இன்று பறப்பதில்லை. குலப் பாட்டு மட்டும் இருபுறத்தாருக்கும் இன்றும் தேவைப்படுகிறது.