சொல்லும் வேடமும்

அனுமனை இராமன் 'சொல்லின் செல்வன்' எனப் பாராட்டியதை நம் மேடைகள் ஓயாது முழங்குகின்றன. சில சொற்களைக் கேட்ட அளவிலேயே ஒருவனை அளந்துவிடலாம் என்பதற்கு அதனையே சான்றாகவும் காட்டுகின்றன. கம்பன் அவ்வளவு எளிதாக இதனை முடித்துவிடவில்லை என்பதே நம் கருத்து.

கிட்கிந்தா காண்டத்தில் அனுமன் மாணவ வேடத்தில் வருகிறான். ஆரணிய காண்டத்தில் இராவணன் முதிய தவசியின் வேடத்தில் வருகிறான். இருவருமே நல்வரவு பெறுகின்றனர். வேறுபாடு யாது? வினவியபோது அனுமன் தன் பெற்றோரையும் பெயரையும் மறையாது உரைக்கிறான். வேடத்தை மீறி வாய்மை வெளிப்படுகிறது. இராவணனோ தன் புகழையே பிறன் புகழ்போலப் பேசுகிறான். வேடத்தோடு சொல்லும் பொய்க்கிறது. தவக்கோலத்தை நம்பி விருந்தோம்பிய சீதை சிறைப்படுகிறாள்.

யுத்த காண்டத்தில் வீடணன் அடைக்கலம் தேடி வருகிறான். பகைவனின் தம்பியாயிற்றே என்று சுக்கிரீவன் முதலியோர் ஐயுறுகின்றனர். ஏற்கலாம் என்கிறான் அனுமன். வீடணனின் நாநலத்தையா அவன் எடுத்துக்காட்டுகிறான்? இல்லை. தூதனைக் கொல்லலாகாது என்று, அண்ணனின் சினத்துக்கு அஞ்சாமல் இலங்கை அவையில் அவன் தடுத்து நின்றதை நினைவூட்டுகிறான். சொல்லால் மதிக்கப்பெற்றவனே, பிறனை மதிப்பிடுங்கால் செயலைத் துணைக்கொள்கிறான்!

திக்கிப் பேசுவோனைத் தாழ்த்தியும், சரளமாய்ப் பேசுவோனை உயர்த்தியும் நாள்தோறும் தீர்ப்பெழுதுகிறோம் நாம். அதற்குக் கம்பனைச் சாட்சிக்கு அழைப்பது முறையன்று.